மூன்று முறை கூப்பிட்டேன்

1908 மார்ச் 2, திங்கள்

இந்த நோட்டை சைகோனில் வாங்கி இரண்டு வருஷமாகிறது. இன்றுதான் முதல் பக்கத்தில் மை படுகிறது. துறைமுக அதிகாரி முசியே பெல்வால் சாயங்காலம் என்னைத் தனியே அழைத்து, "நடந்ததை இன்றைக்கே எழுதி வையுங்கள், இஞ்ஞாசி. சாட்சியின் ஞாபகம் மீன் மாதிரி. ஒரு நாள் தாண்டினால் கெட்டுவிடும்" என்றார். ஆகையால் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு ரோந்து லாஞ்சில் புறப்பட்டோம். நான், கார்ப்பொரால் மிஷோ, என்ஜின்காரன், துப்பாக்கியோடு இரண்டு சொல்தா சிப்பாய்கள். வழக்கமான வேலைதான். இந்த விரிகுடாவைப் பிரான்சு சீனத்திடமிருந்து தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகை எல்லைக்குள் எந்தச் சரக்குக்கும் தீர்வை கிடையாது. இங்கிருந்து ஆற்று வழியாகச் சீனத்துக்குள் போகிற சரக்குக்குச் சீன அரசாங்கம் தீர்வை கேட்கிறது. அதற்காகவே போன ஐப்பசியில் ஆற்று முகத்து மணல்திட்டின்மேல் மரக்கால் நட்டு ஒரு சுங்கச் சாவடி கட்டினார்கள். திட்டு குத்தகைக்குள் இருக்கிறது, சாவடியைப் பிரி என்கிறது எங்கள் தரப்பு. திட்டு வெளியே இருக்கிறது, பிரிக்க முடியாது என்கிறது சீனத் தரப்பு. ஒப்பந்தம் இரண்டு பாஷையில் இருக்கிறது. பிரெஞ்சில் 'கடல் வற்றும் எல்லை வரை' என்றும் சீனத்தில் 'கரை வரை' என்றும் எழுதியிருக்கிறது. கடல் ஏறினால் திட்டு காணாமல் போகும், வற்றினால் முளைக்கும். அதன்மேல்தான் இத்தனை சண்டையும்.

ஒரு படகு அந்தச் சாவடியில் ஒதுங்கினால்கூட அவர்கள் உரிமையை நாங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மேலிடம் நினைக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் போகும் படகுகளை லாஞ்சு மறிக்கும். துபாஷியான நான் அவர்களைத் திரும்பிப் போகச் சொல்வேன்.

ஒன்பதேகால் மணிக்கு ஒரு சம்பான் படகு சாவடியைப் பார்த்துப் போயிற்று. ஒருவன் துடுப்புப் போட்டான். பின்னால் ஒருத்தி, முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பிப் போகச் சொன்னேன். மூன்று முறை கூப்பிட்டேன். அவன் நிற்கவில்லை. எங்களைப் பார்த்துக் கையை ஓங்கினான். மிஷோ சுட்டுவிட்டான். தலைக்கு மேலே சுடத்தான் குறிவைத்ததாகவும் லாஞ்சு ஆடிவிட்டதாகவும் சொல்கிறான். அந்த ஆள் தண்ணீரில் விழவில்லை. வேலை செய்து களைத்தவன் உட்காருவது போலப் படகில் உட்கார்ந்தான்.

சரக்கு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஊர் பாஷையில் மூன்று முறை கூப்பிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

பெல்வால் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதினார். 'மேற்படி துபாஷி உள்ளூர் பாஷையில், தெளிவாக, மூன்று முறை உத்தரவைத் தெரிவித்தார்.' கையெழுத்திட்டேன். 'தெளிவாக' என்ற சொல் பெல்வாலுடையது. ஆனால் தப்பில்லை. என் குரல் தெளிவான குரல். புதுச்சேரியில் கோயில் பாட்டுக்குழுவில் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

என் மனைவி அமலோற்பவம் மீன் இறங்குகிற துறைக்குப் போய் வெறும் கூடையோடு திரும்பினாள்.

"மீன் வரலையா?"

"வந்துச்சு. வாங்க மனசு வரல."

ஏன் என்று நான் கேட்கவில்லை. பருப்புக் குழம்பு.

மார்ச் 4, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். 'மண்ணாய் இருக்கிறாய்' என்பதைச் சாமியார் லத்தீனில் சொன்னார். அது இங்கே ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் எல்லாரும் தலை குனிந்தார்கள்.

மார்ச் 7, சனி

செத்தவனின் சம்பானைத் துறைமுக மேடையில் கட்டிவைத்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை அது தடயமாம். என் மேசை ஜன்னலிலிருந்து நேரே தெரிகிறது. அவன் பெண்டாட்டி காலையில் வந்து மேடையில் உட்காருகிறாள், பொழுது சாயும்போது எழுந்து போகிறாள். அழுவதில்லை. காவலுக்கு நிற்கும் அன்னம் நாட்டுச் சிப்பாயிடம் ஒன்றும் கேட்பதில்லை. படகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவர்களுக்கு வீடும் அதுதான் என்று குமாஸ்தா சொன்னார்.

மேசையை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று குமாஸ்தாவிடம் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

விவகாரம் பெரிதாகிவிட்டது. பீக்கிங்கிலிருக்கும் எங்கள் தூதர் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தாராம். சுடப்பட்ட இடம் சீனத்து நீர் என்று அவர்கள் பதில் கடிதம் கொடுத்தார்களாம். ஹைஃபோங் பத்திரிகையில் முதல் பக்கம். 'தீர்வை கட்டப் போன வியாபாரப் படகு' என்று சீனத் தரப்பு சொல்கிறது. 'சட்டப்படியான உத்தரவை மீறிய கடத்தல் படகு' என்று எங்கள் தரப்பு சொல்கிறது. இரண்டு தரப்பும் கூடி ஏப்ரலில் இங்கேயே விசாரிக்கப் போகிறார்கள். என் வாக்குமூலத்தின் நகல் தந்தி மூலம் பாரிசு போயிருக்கிறது. புதுச்சேரி வைசியாள் தெருவில் பிறந்தவன் எழுதிய மூன்று வரியை மந்திரிகள் படிக்கிறார்கள்.

என் உத்தியோகத்தை நிரந்தரமாக்கப் பெல்வால் எழுதியிருக்கிறாராம்.

மார்ச் 14, சனி

பெல்வால் இன்று கை குலுக்கினார். இதுவரை குலுக்கியதில்லை.

மார்ச் 16, திங்கள்

பத்து மணி இருக்கும். காவல்காரன் வந்து, "உங்கள் வீட்டம்மா மேடையில் இருக்கிறார்" என்றான். ஜன்னலுக்குப் போனேன். அமலோற்பவம் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தூக்குப் பாத்திரத்திலிருந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டும் இருந்தாள். சைகை காட்டவில்லை, வாயால்தான் பேசினாள். அந்தப் பெண் பதில் சொன்னாள். இவள் மறுபடி கேட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன்.

"அவகிட்ட என்ன பாஷையில பேசின?"

"அவ பாஷையிலதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா தினமும் மீன் தொறைக்குப் போறவ யாரு? போன வருஷம் எனக்கு உதிரம் போயி படுத்துக் கெடந்தேனே, நீங்க எல்லைக் கல்லு அளக்கப் பதினோரு நாள் போயிருந்தீங்க. அப்ப யாரு எனக்குக் கஞ்சி ஊத்துனதுன்னு நெனைக்கிறீங்க? கிம்-லான்தான். இப்ப மேடையில உக்காந்திருக்காளே, அவதான்."

எனக்குத் தெரியாது என்றேன். "நீங்க கேட்டதே இல்ல" என்றாள்.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசறது கடைக்காரங்க பேச்சு, கான்டன் பேச்சு. அது டவுனுக்குள்ளதான் எடுபடும். படகுக்காரங்களுக்குப் புரியாது. வெத்தலபாக்குக் கடையில தெலுங்கு பேசுனா எப்படியோ, அப்படி."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன்.

"தெரியுங்களா உங்களுக்கு?" என்றாள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். எனக்குத் தெரியும்.

சைகோன் பக்கத்துச் சோலோன் சந்தையில் வரிக் குமாஸ்தாவாக ஐந்து வருஷம் இருந்தேன். அங்கே கற்றது கான்டன் பேச்சு. இந்தத் துபாஷி வேலைக்கு ஆள் எடுத்தபோது, 'குத்தகைக் கரையின் பாஷை தெரியுமா?' என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். வந்த முதல் வாரத்திலேயே மீனவர் பேச்சு வேறு என்று கண்டுகொண்டேன். ஆபீசுக்கு வருகிறவர்கள் வியாபாரிகள், அவர்களுக்குக் கான்டன் பேச்சு தெரியும். கடலில் நான் கத்தினால் படகுகள் திரும்பின. என் சொல்லைக் கேட்டுத் திரும்புகின்றன என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். துப்பாக்கியைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன.

ஆபீசில் சீன எழுத்து எழுதுகிறவர் வூ. இந்த ஊர்க்காரர், ஐம்பது வயசு, இரண்டு பேச்சும் அறிந்தவர். இன்று மை தோய்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், "எனக்கு இவர்கள் பாஷை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

தூரிகையைக் கீழே வைத்தார். "முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"என்னை யாரும் கேட்கலை. கேட்காததைச் சொன்ன எழுத்துக்காரன் இந்த ஆபீசில் நிலைக்கிறதில்லை." பிறகு, "நீங்க கேட்டுட்டீங்க. இனி நான் சொல்லலாம்" என்றார்.

மார்ச் 19, வியாழன். சூசையப்பர் திருநாள்

பூசை முடிந்து நேரே பெல்வாலிடம் போனேன். வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்றேன். எந்த இடம் என்றார். 'உள்ளூர் பாஷையில்' என்ற இடம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இரண்டு வருஷம் முன்னால் என்ன சொல்லி இந்த வேலையில் சேர்ந்தீர்கள்?"

"பொய் சொல்லிச் சேர்ந்தேன், முசியே."

அதைப் பிரெஞ்சில் சொல்வது சுலபமாயிருந்தது. இங்கே தமிழில் எழுதத்தான் பேனா நின்று நின்று போகிறது.

பெல்வால் கெட்ட மனிதரல்ல. கோபப்படவுமில்லை. "உங்கள் தாள் இப்போது ஒரு மேசையின் கால். அந்த மேசையில் இரண்டு மந்திரிகள் கை ஊன்றியிருக்கிறார்கள். காலை உருவினால் விழப்போவது அவர்களல்ல, நீங்கள். எந்த நீரில் சுடப்பட்டது என்பதுதான் கேள்வி. அவனுக்குப் புரிந்ததா என்பது கேள்வியே அல்ல."

"எனக்கு அதுதான் கேள்வி."

"அப்படியானால் அதை உங்கள் சாமியாரிடம் சொல்லுங்கள். தவசுக்காலம்தானே."

சாமியாரிடமும் சொல்வேன். ஆனால் செத்தவன் சாமியார் கோயில்காரன் அல்ல.

மார்ச் 20, வெள்ளி

அமலோற்பவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நாளைக்கு எங்கூட மேடைக்கு வாங்க. மொதல்ல ‘தண்ணி’ன்னு சொல்லக் கத்துக்குங்க" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

தண்ணீர். அரிசி. குழந்தை. காய்ச்சல். நில். திரும்பு. ஒவ்வொன்றாக வருகிறது. 'நில்' என்பதை நான் சொல்லும் விதத்தைக் கேட்டுக் குழந்தை சிரிக்கிறது. கிம்-லான் சிரிப்பதில்லை. நான் யார் என்று அவளுக்குத் தெரியும். லாஞ்சில் நின்று கத்தியவன் என்று முதல் நாளே அமலோற்பவம் சொல்லிவிட்டாளாம். "மறைச்சு வெச்சு ஒருத்திகிட்ட பாஷை கத்துக்க முடியுமா?" என்கிறாள்.

மார்ச் 28, சனி

இன்று கிம்-லான் தானாகவே பேசினாள். பாதி எனக்கே புரிந்தது, மீதியை அமலோற்பவம் சொன்னாள்.

செத்தவன் பெயர் 'தான் ஹோ'. அன்று படகில் சரக்கே இல்லை. மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல். சாவடியில் இருக்கும் சுங்கக்காரன் ஒருவன் கேட்கிறவர்களுக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா கொடுப்பானாம். அதை வாங்கத்தான் போனார்கள்.

"கையை ஓங்குனாரான்னு கேளு" என்றேன்.

அமலோற்பவம் அவளைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அத அவகிட்ட கேக்க வேணாம். எனக்கே தெரியும். லாஞ்சு தொறையை விட்டுக் கெளம்புறப்பல்லாம் அந்தாளு கையசைப்பாரு. நான் எத்தனை தடவ பாத்திருக்கேன். நீங்க முன்னால நிப்பீங்க, நேரா கடலப் பாத்துக்கிட்டு."

இதற்குமேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 30, திங்கள்

இரண்டாவது வாக்குமூலம் எழுதி முடித்தேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, நான் கூப்பிட்டது அவர்களுக்குப் புரிந்திருக்க முடியாது, அவன் ஓங்கவில்லை, அசைத்தான், படகில் சரக்கில்லை. நான்கே வாக்கியம். பிரெஞ்சில் நான் எழுதினேன். சீனத்தில் எழுதித் தர முடியுமா என்று வூவிடம் கேட்டேன். அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். வேண்டாம் என்றால் தப்பாக நினைக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"ஒப்பந்தத்துல ஒரு சொல் ரெண்டு பாஷையில வேறவேறயா விழுந்துதான் இத்தனை கூத்து. இதுலயாவது ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்று சொல்லி, தாளை விரித்தார்.

ஏப்ரல் 3, வெள்ளி

வேலை நேரத்தில் மேடைக்குப் போகக் கூடாதென்று எழுத்து மூலம் உத்தரவு. வேலைக்கு முன்னால் போகிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணை இன்று. நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

துறைமுகக் கிடங்கைக் கூட்டி, நீள மேசை போட்டு, இரண்டு கொடிகளை நட்டிருந்தார்கள். எங்கள் தரப்பில் பெல்வாலும் ஹானோயிலிருந்து வந்த சட்ட அதிகாரியும். எதிரே சீன அரசாங்கத்தின் பிரதிநிதி திரு. லியாங். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், வடக்கத்தியர், பாரிசில் படித்தவர். காலை முழுதும் வரைபடம். லாஞ்சு நின்ற இடம், கடல் வற்றும் கோடு, திட்டின் நீளம். செத்தவனைப் பற்றி இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தையில்லை.

பதினொன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சட்ட அதிகாரி என் பழைய வாக்குமூலத்தைப் படித்து, "இதை உறுதி செய்கிறீர்களா?" என்றார்.

"இல்லை."

பெல்வால் கண்ணை மூடிக்கொண்டார். நான் பையிலிருந்து புதுத் தாளை எடுத்து வாசித்தேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது. முடித்ததும் ஒரு பிரதியை இந்தப் பக்கமும் சீனப் பிரதியை அந்தப் பக்கமும் வைத்தேன்.

சட்ட அதிகாரி எழுந்துவிட்டார். முறைகேடு, முன்னறிவிப்பு இல்லை, சாட்சி தன் பொய்யைத் தானே ஒப்புக்கொள்கிறான், அவன் எதையும் நம்ப முடியாது என்றார். லியாங் அமைதியாகச் சீனப் பிரதியைப் படித்தார். "சரக்கு இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"படகில் இருந்தவள் சொன்னாள். வெளியே இருக்கிறாள்."

"அவளைக் கூப்பிடுங்கள். யார் மொழிபெயர்ப்பார்?"

வூ எழுந்தார். சீனப் பிரதியை எழுதியதே அவர்தான், கூடாது என்றது எங்கள் தரப்பு. லியாங்குக்கோ அவருடைய ஆட்களுக்கோ இந்தக் கரைப் பேச்சு தெரியாது. இந்த ஊர் மக்கள்மேல் உரிமை கொண்டாட வந்த இரண்டு அரசாங்கங்களிலும் அவர்கள் பேச்சு தெரிந்த ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை.

"என் மனைவிக்குத் தெரியும்" என்றேன். "அவளுக்குப் பிரெஞ்சு வராது. அவள் தமிழில் சொல்வாள். நான் பிரெஞ்சில் சொல்கிறேன்."

சட்ட அதிகாரி சிரித்தார். லியாங் சிரிக்கவில்லை. "எனக்கு ஆட்சேபமில்லை" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எங்கள் தரப்பு மறுத்தால் அழகாயிராது.

அமலோற்பவம் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, கிம்-லானுக்குப் பக்கத்தில் நின்றாள். பூனைக்குட்டி மாதிரி குழந்தை இவள் இடுப்புக்குத் தாவியது.

உத்தரவு காதில் விழுந்ததா என்று கேட்டார்கள்.

இருவரும் பேசினார்கள். "சத்தம் கேட்டுச்சாம்" என்றாள் அமலோற்பவம். "ஆனா பேச்சுன்னு தெரியலையாம். லாஞ்சுல யாரோ பாட்டுப் பாடிக்கிட்டு வாராங்கன்னு நெனச்சாங்களாம், புருஷனும் பொண்டாட்டியும்."

அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

ஏன் கையை ஓங்கினான் என்று கேட்டார்கள்.

"ஓங்கலையாம். லாஞ்சப் பாத்தா எப்பவும் கையசைப்பாராம். மத்த படகுக்காரங்கல்லாம் திருப்பிக் கையசைப்பாங்களாம். லாஞ்சுக்காரங்க மட்டும் அசைச்சதே இல்லையாம். ஒரு நாள் அசைப்பாங்கன்னு சொல்லிக்கிட்டிருப்பாராம்."

அதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

படகில் என்ன சரக்கு என்று லியாங்கே கேட்டார். கிம்-லான் குழந்தையைக் காட்டினாள். அமலோற்பவம், "காய்ச்சக்காரப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போனாங்க. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

லியாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. சரக்கில்லையென்றால் தீர்வையில்லை. 'தீர்வை கட்டப் போன படகு' என்ற அவர்கள் வழக்கும் போயிற்று, 'கடத்தல் படகு' என்ற எங்கள் வழக்கும் போயிற்று. அந்தச் சாவில் இரண்டு பேருக்கும் இனி ஒரு பிரயோசனமும் இல்லை.

லியாங் பெல்வாலைப் பார்த்து, "ஒத்திவைக்கலாமா?" என்றார். பெல்வால் உடனே தலையாட்டினார். இரண்டு தரப்பும் சேர்ந்து காப்பி குடிக்கப் போனார்கள். காலையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதவர்கள்.

நாங்கள் நால்வரும் கிடங்கில் நின்றோம். "முடிஞ்சுதா?" என்றாள் அமலோற்பவம். தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தந்தி வந்துவிட்டது. 'வருந்தத்தக்க தற்செயல்.' இரண்டு அரசாங்கங்களும் அந்தச் சம்பவத்தைப் பேச்சுவார்த்தையிலிருந்து நீக்குகின்றன. சுங்கச் சாவடி பற்றிய பேச்சு தொடரும். மிஷோவுக்கு வேறு ஊர் மாற்றல். என் இரண்டாவது வாக்குமூலம் கோப்பில் சேரவில்லை, 'பெறப்படவில்லை' என்று குறித்திருக்கிறார்கள். என் கையால் மேசையில் வைத்த தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

படகை விடுவிக்கக் கேட்டு இரண்டு மனு எழுதினேன். எங்கள் ஆபீசின் பதில்: கோப்பு மூடப்பட்டது, அப்படியொரு படகு எங்கள் பொறுப்பில் இல்லை. லியாங்கின் காரியதரிசியின் பதில்: படகு எங்கள் பொறுப்பில் இல்லை. ஆனால் கயிறு மேடையில்தான் கட்டியிருக்கிறது. காவல்காரனும் நிற்கிறான்.

இரண்டு கடிதத்தையும் அமலோற்பவத்துக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேருமே எங்களுது இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? கையெழுத்துப் போட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன?" என்றாள்.

ஏப்ரல் 16, பெரிய வியாழன்

காலை ஏழு மணி, கடல் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் குழந்தையும் மேடைக்குப் போனோம். காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து, "உத்தரவு?" என்றான். இரண்டு கடிதங்களையும் காட்டினேன். முத்திரைகளைத் தடவிப் பார்த்தான்.

"இதில் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறதா?"

"கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறதா பார். இது யாருடைய படகும் அல்ல என்று இரண்டு அரசாங்கமும் எழுதியிருக்கிறது. யாருடையதும் இல்லையென்றால் இவளுடையது. நான் சொல்லித்தான் விட்டாய் என்று எழுதிக்கொள். இஞ்ஞாசி, துபாஷி. கையெழுத்தும் போடுகிறேன்."

போட்டேன். அவன் விலகி நின்றான். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு. அமலோற்பவம் கீழே உட்கார்ந்து பல்லாலும் இழுத்து அவிழ்த்தாள். கிம்-லான் ஏறி, ஒன்றரை மாதத் தண்ணீரை ஓட்டாஞ்சட்டியால் மொண்டு வெளியே கொட்டினாள். பிறகு துடுப்பை எடுத்தாள். போகும்போது ஏதோ சொன்னாள். எனக்கு நேராகவே புரிந்தது. வலை கிழிந்திருக்கும், தைக்க நூல் வேண்டும் என்றாள்.

வாங்கித் தருகிறேன் என்று அவள் பாஷையில் சொன்னேன். புரிந்துகொண்டாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தண்டனையை எதிர்பார்த்துத்தான் போனேன். பெல்வால் நாற்காலி காட்டினார். படகைப் பற்றிப் பேசவேயில்லை. சைகோனில் நீதிமன்றத்தில் எனக்கு இடமாம். இதைவிட ஒரு படி மேல். குடியிருக்க வீடு. மே முதல் தேதிக் கப்பலில் இரண்டு பேருக்கும் இடம் போட்டாயிற்று.

"என் வாக்குமூலம்?" என்றேன்.

"நீங்கள் போன பிறகு அதைப் பற்றிக் கேட்க இங்கே யார் இருக்கப்போகிறார்கள்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நல்ல வீடா என்று கேட்டாள் அமலோற்பவம். நல்ல வீடு, தண்ணீர்க் குழாய் உண்டு என்றேன். அவளுக்கு இங்கத்திய கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை.

"நாம போயிட்டா, தான் ஹோவைப் பத்தி யாரு பேசுவா?" என்றாள்.

"வூ இருக்கார்."

"அவருக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

ஏப்ரல் 25, சனி

ராஜினாமா கொடுத்தேன்.

மே 1, வெள்ளி

சைகோன் கப்பல் காலை பத்து மணிக்குப் புறப்பட்டது. நாங்கள் அதில் இல்லை.

மீன் துறைக்குப் பின்னால் வலைக் கிடங்கின் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். கூரை ஒழுகும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜன்னலோரம் மேசை. இரண்டாவது வாக்குமூலத்தை ஆறு பிரதி எடுத்தாயிற்று. பாரிசுக்கு இரண்டு, பீக்கிங்குக்கு இரண்டு, ஹானோய்க்கு ஒன்று, ஹைஃபோங் பத்திரிகைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கிம்-லான் கைநாட்டு வைத்திருக்கிறாள். 'பெறப்படவில்லை' என்று திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவேன். பிழைப்புக்கு, கடைக்காரர்களுக்குப் பிரெஞ்சுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். காலையில் மீன் துறையில் பாஷை படிக்கிறேன். இரண்டு வாத்தியார்கள்.

மத்தியானம் பெல்வாலின் சேவகன் மாடிப்படி ஏறி வந்தான். கப்பலில் இரண்டு இடம் காலியாகப் போயிற்றே, என்னவென்று துரை கேட்டனுப்பினாராம்.

"சாட்சி ஊரிலேயே இருக்கிறான் என்று சொல்" என்றேன்.